மாடிக்கும் கீழ்வீட்டுக்கும் ஒரே கோப்புறை

எங்கள் வீட்டு மாடிப்படிகள் மொத்தம் 18. இரண்டு ஆண்டுகளாக அந்தப் படிகளில் அதிகம் ஏறி இறங்கியது ஒரு 16 ஜி.பி. பென் டிரைவ்தான். மூடி தொலைந்துபோன அதன் காதில் அம்மா ஒரு கறுப்பு நூலைக் கோத்து, சாவிகள் மாட்டும் ஆணியில் தொங்கவிட்டிருந்தார். தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற அப்பா, கீழ்வீட்டுப் பின்னறையில் உள்ள டெஸ்க்டாப்பில் எங்கள் ஊர்க் குளத்தின் வரலாற்றை எழுதிக்கொண்டிருக்கிறார். நான் மாடியறையில் இருந்துகொண்டு பழைய பத்திரங்களையும் குத்தகைச் சீட்டுகளையும் ஸ்கேன் செய்து, அவர் எழுதும் அத்தியாயங்களில் பிழை பார்த்துக் கொடுக்கிறேன். அவர் எழுதியது மேலே வரவும், நான் திருத்தியது கீழே போகவும் அந்தக் கறுப்பு நூல்தான் வழி.

ஒரு வியாழக்கிழமை காலையில் அப்பா படிக்கட்டின் அடியில் நின்று கூப்பிட்டார். "ஏய்யா, ஆறாம் அத்தியாயத்துல நான் எழுதுன குத்தகைக் கணக்க எங்க வச்சிருக்க?" நேற்றுக் கொடுத்த கோப்பில்தான் இருக்கிறது என்றேன். "அதுல இல்லியே" என்றார். கீழே போய்ப் பார்த்தேன், இல்லை. என் மடிக்கணினியில் தேடினேன், இல்லை. பென் டிரைவிலும் இல்லை. மூன்று நாள்கள் அவர் உட்கார்ந்து எழுதிய 11 பக்கங்களும் மூன்று இடங்களிலிருந்தும் ஒரே சமயத்தில் காணாமல்போயிருந்தன.

நடந்ததை நான் விளங்கிக்கொள்ள அரை நாள் ஆயிற்று. டெஸ்க்டாப்பின் மதர்போர்டில் காசு வடிவில் ஒரு சிறிய பேட்டரி இருக்கும்; சி.ஆர்.2032 என்று அதன் முதுகில் எழுதியிருக்கும். மின்சாரம் இல்லாத நேரத்தில் கணினியின் கடிகாரத்தை ஓடவைப்பது அதன் வேலை. அது அந்த வாரம் தீர்ந்துபோயிருந்தது. இரவு படுக்கப்போகும்போது சுவர் சுவிட்சையே அணைத்துவிடுவது அப்பாவின் வழக்கம் என்பதால், ஒவ்வொரு நாள் காலையிலும் அந்தக் கணினி 2012 ஜனவரி 1 அன்று கண் விழித்தது. இணைய இணைப்பு இருந்திருந்தால் விண்டோஸ் தானாகவே நேரத்தைத் திருத்திக்கொண்டிருக்கும். அப்பாவின் கணினிக்கோ இணையமே கிடையாது. ஆகவே அவர் புதன்கிழமை எழுதிச் சேமித்த கோப்பு 2012ஆம் ஆண்டுத் தேதியைச் சுமந்துகொண்டு மாடிக்கு வந்தது. இரண்டு கோப்புகளையும் அருகருகே காட்டி எதை வைத்துக்கொள்வது என்று கணினி கேட்டபோது, 2012 என்று இருந்ததை ஏதோ பழைய மிச்சம் என்று நினைத்து, செவ்வாய்க்கிழமைத் தேதியிட்ட என் பிரதியை அதன்மேல் எழுதினேன். பென் டிரைவ் கீழே போனது. அப்பாவும், நான் சொல்லிக்கொடுத்திருந்தபடியே, "மாற்றிவிடு" என்ற பொத்தானை அழுத்தினார். அத்துடன் எல்லாம் முடிந்தது.

பேட்டரி 30 ரூபாய்க்குக் கிடைத்தது. ஆனால் பழியைப் பேட்டரியின் தலையில் மட்டும் போட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. ஒரே அத்தியாயம் மூன்று இடங்களில் இருந்து, அவற்றுள் எது உண்மையானது என்பதை ஒவ்வொரு முறையும் ஒரு மனிதன் தேதியைப் பார்த்தும் நினைவை வைத்தும் முடிவுசெய்யவேண்டிய ஏற்பாடு, என்றாவது ஒரு நாள் கவிழத்தான் செய்யும். வீட்டில் உள்ள இரண்டு கணினிகளை இணைப்பதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் வேகத்தையும் வசதியையும் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு வேண்டியிருந்தது வேறு. கோப்பு ஓரிடத்தில் மட்டும் இருக்கவேண்டும். நாங்கள் இருவரும் அங்கே போய் அதைத் திறக்கவேண்டும். பகிர்வு என்ற சொல்லை நான் அந்தப் பொருளில்தான் எடுத்துக்கொண்டேன்.

அப்பாவிடம் சொன்னபோது முதலில் மறுத்தார். இணையம் வந்தால் வைரஸ் வரும் என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. அதை முற்றிலும் தவறென்று சொல்லவும் முடியாது. ஆனால் வீட்டு வலையமைப்பு வேறு, இணையம் வேறு என்பதைப் பலரைப் போலவே அவரும் அறிந்திருக்கவில்லை. கூடத்தில் விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும் ரூட்டர் உண்மையில் இரண்டு வேலைகளைச் செய்கிறது. வீட்டுக்குள் இருக்கும் கருவிகளை ஒன்றோடொன்று பேசவைப்பது ஒன்று. அவற்றை வெளியுலகத்தோடு பேசவைப்பது மற்றொன்று. வெளியே தெருவில் கண்ணாடியிழைக் கம்பி அறுந்துகிடந்தாலும் முதல் வேலை நிற்காது. வீட்டுக்குள் ரூட்டர் கொடுக்கும் 192.168 என்று தொடங்கும் முகவரிகளும் அப்படிப்பட்டவையே. 1996இல் வகுத்த விதிப்படி, தனியார் வலையமைப்புகளுக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கும் எண்கள் அவை. எல்லா ஊரிலும் ஒரு மேலத் தெரு இருக்கிறது. ஊருக்குள் மேலத் தெரு என்றால் எல்லோருக்கும் தெரியும். ஊர்ப்பெயர் எழுதாமல் அதை மட்டும் உறையின்மேல் எழுதித் தபாலில் போட்டால் கடிதம் எங்கும் போய்ச் சேராது. 192.168.1.20 என்ற எண்ணும் அப்படித்தான்.

எனவே இருவருக்கும் ஒத்துவரும் ஒரு வழியைச் சொன்னேன். டெஸ்க்டாப்புக்கு நிலையான ஒரு முகவரியைக் கையால் எழுதிக்கொடுத்து, "டீஃபால்ட் கேட்வே" என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டுவிட்டால், அந்தக் கணினிக்கு வீட்டுக்கு வெளியே போகும் வாசல் எதுவென்றே தெரியாது. வீட்டுக்குள் இருக்கும் கணினிகளோடு மட்டும் பேசும். ரூட்டர் தானாக விநியோகிக்கும் முகவரிகளின் கடைசி எண் 100இலிருந்து தொடங்கியதால், மோதல் வராதபடி 20ஐத் தேர்ந்தெடுத்தேன். அப்பா அரைமனதோடு ஒப்புக்கொண்டார்.

பாளையங்கோட்டையில் ஒரு கடையில் கேட்-5ஈ என்ற வகை வலையமைப்புக் கேபிள் 20 மீட்டரும், அதன் முனைகளில் மாட்டும் பத்து ஆர்.ஜே.45 கனெக்டர்களும், அவற்றை அழுத்திப் பொருத்தும் ஒரு கிரிம்ப்பிங் கருவியும் வாங்கினேன். ஆயத்தமாக முனை பொருத்திய கேபிளும் கிடைக்கும். ஆனால் சுவரில் பெரிய துளை போடாமல் கதவுச் சட்டத்தின் ஓரமாகக் கொண்டுபோக வேண்டியிருந்ததால் முனையைக் கடைசியில் நானே பொருத்த எண்ணினேன். கேபிளின் தோலை உரித்தால் உள்ளே எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு இணைகளாக இருக்கும். முறுக்கைப் பிரித்து, நீவி, வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு என்ற வரிசையில் பிடித்து, முனையை ஒரே நேர்க்கோட்டில் வெட்டி, கனெக்டருக்குள் செலுத்தி அழுத்தவேண்டும். படிக்க எளிதாக இருக்கிறது. எட்டுக் கம்பிகளும் எட்டுத் திசையில் நெளிய, விரல்நுனியில் அவற்றை அடக்கிப் பிடிப்பது, பின்னலிடும்போது ஓடிப்போகிற குழந்தையின் தலையைப் பிடிப்பது போன்றது.

பொருத்தினேன்; விளக்கு எரிந்தது; வேலை முடிந்ததென்று நினைத்தேன். ஸ்கேன் படங்களை டெஸ்க்டாப்புக்கு அனுப்பத் தொடங்கியபோதுதான் சந்தேகம் வந்தது. ஏ4 தாளை 600 டி.பி.ஐ., அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளிகள் என்ற அளவில் வண்ணத்தில் ஸ்கேன் செய்து, சுருக்காமல் டிஃப் கோப்பாக வைத்தால் ஒரு பக்கம் ஏறத்தாழ 104 எம்.பி. வரும். பத்திரங்களின் மங்கிய மையைப் படிக்க அந்த அளவு தேவைப்பட்டது. அப்படி 400 பக்கங்கள். மொத்தம் 40 ஜி.பி.க்கு மேல். இதற்காகவே மடிக்கணினியைக் கீழே கொண்டுவந்து ரூட்டரில் கேபிளால் செருகியிருந்தேன். ஆனால் வேகம் விநாடிக்கு 11.3 எம்.பி. என்ற எண்ணில் நின்றுகொண்டு அசைய மறுத்தது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. வலையமைப்பில் வேகம் இப்படி ஒரு கோட்டில் நின்றுவிட்டால், எங்கோ ஒரு கதவு பாதிதான் திறந்திருக்கிறது என்று பொருள்.

கேபிளின் வேகத்தை மெகாபிட்டில் சொல்வார்கள். கோப்பின் அளவை மெகாபைட்டில் சொல்வார்கள். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே 100 மெகாபிட் என்பது காகிதத்தில் 12.5 மெகாபைட், நடைமுறையில் 11, 12. ஒரு கிகாபிட், அதாவது 1000 மெகாபிட் என்றால் நடைமுறையில் 110ஐ எட்டும். எனக்குக் கிடைத்தது பழைய 100 மெகாபிட் வேகம் என்பது கணக்கிலேயே தெரிந்தது. சில ரூட்டர்களில் நான்கு துளைகளில் ஒன்று மட்டுமே கிகாபிட்டாக இருக்கும். அதை முதலில் பார்த்தேன். எங்களுடையதில் எல்லாமே கிகாபிட்தான். இரு கணினிகளின் வலையமைப்பு அட்டைகளும் கிகாபிட். மீதமிருந்தது என் கைவேலை.

கனெக்டர் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கால் ஆனது. அதன் மூக்கை விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் உள்ளே வந்து முட்டிய செப்புக் கம்பிகளின் முனைகள் சிறு புள்ளிகளாக மின்னும். எண்ணினேன், ஏழு. பழுப்புக் கம்பி இரண்டு மில்லிமீட்டர் பின்னாலேயே நின்றுவிட்டிருந்தது. 100 மெகாபிட்டுக்கு ஆரஞ்சு, பச்சை ஆகிய இரண்டு இணைகள் போதும். கிகாபிட்டுக்கு நான்கு இணைகளும் வேண்டும். ஒரு கம்பி தொடாததால் இரு முனைகளில் இருந்த கருவிகளும் தங்களுக்குள் பேசி, சத்தமில்லாமல் பழைய வேகத்துக்கு இறங்கி ஒப்பந்தம் செய்துகொண்டுவிட்டன. எந்தப் பிழைச் செய்தியும் வரவில்லை. அறவே வேலை செய்யாத கம்பியைவிட அரைகுறையாக வேலை செய்யும் கம்பி மோசமானது என்பேன். முன்னதைத் தேடிப்போவோம், பின்னதோடு ஆண்டுக்கணக்கில் குடித்தனம் நடத்துவோம். முனையை வெட்டி மீண்டும் பொருத்தினேன். இந்த முறை எட்டுப் புள்ளிகள். டெஸ்க்டாப்பின் பழைய ஹார்டு டிஸ்க் அதற்குமேல் விழுங்க மாட்டேன் என்றதால் வேகம் 90ஐ ஒட்டி நின்றது. ஒரு மணி நேரத்தைத் தாண்டும் என்றிருந்த வேலை எட்டு நிமிடத்தில் முடிந்தது.

கதையின் முன்பின்னை மாற்றிவிட்டேன். அந்தப் படங்களை அனுப்பும் நிலைக்கு வருவதற்குமுன் இரண்டு நாள்கள் நான் விண்டோஸோடு மல்லுக்கட்டியிருந்தேன். கம்பி, கண்ணுக்குத் தெரிகிற எதிரி; விண்டோஸில் அப்படி எண்ணிப் பார்க்கப் புள்ளிகள் கிடையாது.

கோப்புறையின்மேல் வலது சொடுக்கு, பகிர் என்பதைத் தேர்வுசெய், முடிந்தது என்றுதான் எல்லா விளக்கங்களும் தொடங்குகின்றன. அவற்றில் பாதி காலாவதியானவை. விண்டோஸ் 7 வந்தபோது ஹோம்குரூப் என்ற எளிய ஏற்பாடு இருந்தது. அதை 2018ஆம் ஆண்டிலேயே விண்டோஸ் 10இலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆனாலும் அதைத் திறக்கச் சொல்லும் குறிப்புகள் இன்றும் கண்ணில் படுகின்றன. இன்று மீதமிருப்பது அதற்கும் பழைய, அடிப்படையான வழி. எஸ்.எம்.பி. என்ற நெறிமுறை அது. 1980களின் தொடக்கத்தில் ஐ.பி.எம். நிறுவனத்தில் பேரி ஃபைகன்பாம் என்பவர் வடிவமைத்து, பிறகு மைக்ரோசாஃப்ட் எடுத்து வளர்த்தது. ஒரு கணினி தன் வட்டில் இருக்கும் கோப்பை இன்னொரு கணினிக்கு, அது அதன் சொந்த வட்டில் இருப்பதுபோலவே காட்டுவதற்கான பேச்சுமுறை.

மாடியிலிருந்து கீழ்க் கணினியைத் தேடினால் "நெட்வொர்க்" பட்டியலில் அது இல்லை. பட்டியலில் தெரியாததைப் பொருட்படுத்தவேண்டியதில்லை. இரண்டு பின்சாய்வுக் கோடுகளைப் போட்டு முகவரியை நேராகவே எழுதலாம். எழுதினேன்; பதிலில்லை. பிங் செய்தேன், அதாவது இருக்கிறாயா என்று அந்த முகவரியைத் தட்டிக் கேட்டேன், அதற்கும் பதிலில்லை. கேபிள் சரி, முகவரி சரி. பிறகுதான் தெரிந்தது, வாசலை அடைத்த என் சாமர்த்தியமே எனக்குக் குழி பறித்திருக்கிறது. தான் எந்த வலையமைப்பில் இருக்கிறோம் என்பதை விண்டோஸ் அந்த கேட்வேயை வைத்துத்தான் அடையாளம் காண்கிறது. அது காலியாக இருந்தால் "அடையாளம் தெரியாத வலையமைப்பு" என்று பெயரிட்டு, பேருந்து நிலையத்து வைஃபையை நடத்துவதுபோல நடத்தி, எல்லாக் கதவுகளையும் சாத்திக்கொள்கிறது. இதற்கு வழக்கமான அமைப்புப் பக்கத்தில் மருந்தில்லை. விண்டோஸ் புரோ பதிப்பில் உள்ள உள்ளகப் பாதுகாப்புக் கொள்கை என்ற கருவிக்குள் போய், அடையாளம் தெரியாத வலையமைப்புகளை "தனியார்" என்று கொள்ளும்படி சொல்லவேண்டியிருந்தது. வீட்டை விட்டு எங்கும் போகாத டெஸ்க்டாப்புக்கு அதைச் செய்யலாம். மடிக்கணினிக்கு ஒருபோதும் செய்யக்கூடாது. நாளைக்கு அது உண்மையிலேயே பேருந்து நிலையத்தில் விழிக்கும்.

கதவு திறந்தது, உள்ளே காவலாளி நின்றான். பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கேட்டான். அப்பாவின் கணக்குக்குக் கடவுச்சொல்லே கிடையாது, ஆகவே அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டு உள்ளே போகலாம் என்று நினைத்தேன். கடவுச்சொல் இல்லாத கணக்கில், கணினியின் எதிரே உட்கார்ந்திருப்பவர் மட்டுமே நுழையலாம். வலையமைப்பின் வழியாக வருகிறவருக்கு அனுமதியில்லை என்பது விண்டோஸின் இயல்பான விதி. நல்ல விதிதான். என் பக்கமிருந்து இன்னொரு தடுமாற்றமும் நேர்ந்தது. தினமும் நான்கு இலக்கப் பின் எண்ணைத் தட்டி மடிக்கணினியைத் திறக்கிற பழக்கத்தில் அதையே இங்கும் தட்டினேன். பின் எண் அந்தந்தக் கணினியோடு பிறந்து அந்தந்தக் கணினியோடு முடிகிற ஒன்று, வெளியே செல்லுபடியாகாது. சொந்தக் கணினியின் கடவுச்சொல்லையே மறந்துபோகும் அளவுக்கு வசதி பெருகியிருக்கிறது.

இந்த இடத்தில்தான் பலரும் பொறுமையிழந்து, கடவுச்சொல் பாதுகாப்புள்ள பகிர்வை அணைத்துவிட்டு, எல்லோருக்கும் முழு அதிகாரம் என்று எழுதிக்கொடுத்துவிடுகிறார்கள். எனக்கும் கை அங்கே போனது. வீட்டுக்குள் யார் வரப்போகிறார்கள் என்ற வாதம் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் எங்கள் வைஃபையின் கடவுச்சொல் தண்ணீர் கேன் போடும் தம்பிவரை தெரிந்திருக்கிறது. விடுமுறைக்கு வரும் அக்காள் பிள்ளைகளின் நான்கு கைப்பேசிகளும் அதில்தான் தொங்குகின்றன. இன்னொரு அறிவுரை இதைவிட ஆபத்தானது: பழைய கருவி தெரியவில்லையென்றால் எஸ்.எம்.பி.யின் முதல் பதிப்பை இயக்கிவிடு என்பது. 2017 மே மாதம் வானாக்ரை என்ற, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் பணயத் தீநிரல் சுமார் 150 நாடுகளில் கணினிகளைப் பூட்டியபோது, அது ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவியது அந்த முதல் பதிப்பில் இருந்த ஓட்டையின் வழியாகத்தான். அதை அடைக்கும் திருத்தம் அதே ஆண்டு மார்ச்சிலேயே வந்திருந்தும் போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். அந்த ஆண்டு இறுதியிலிருந்து விண்டோஸ் 10இன் புதிய நிறுவல்களிலிருந்து முதல் பதிப்பைப் படிப்படியாக விலக்கத் தொடங்கினார்கள். இன்னும் அண்மையில், விண்டோஸ் 11இன் 24எச்2 வெளியீட்டின் புரோ பதிப்பில், விருந்தினராகக் கடவுச்சொல் இல்லாமல் நுழைவதையும் இயல்பாகவே மறுத்துவிட்டார்கள். விண்டோஸ் வேண்டுமென்றே மக்கர் செய்கிறது என்று திட்டுவதற்குமுன் இவற்றை நினைத்துப்பார்க்கலாம்.

நான் செய்தது மூன்று நிமிட வேலை. அப்பாவின் கணினியில் மாடி என்ற பெயரில் ஆங்கில எழுத்திலேயே புதிய பயனர் கணக்கொன்றைத் தொடங்கி, அதற்கு நீளமான ஒரு கடவுச்சொல் கொடுத்தேன். அப்பாவின் சொந்தக் கணக்கு அப்படியே இருந்தது. அவர் எதையும் புதிதாகக் கற்கவேண்டியிருக்கவில்லை. டி டிரைவில் ஊர் என்ற கோப்புறையை உண்டாக்கி அதை மட்டும் மாடிக்குப் பகிர்ந்தேன். அப்போதும் கோப்பைத் திறக்க முடிந்ததே தவிரச் சேமிக்க முடியவில்லை. பகிரும் இடத்தில் ஒரு பூட்டும், வட்டில் உள்ள கோப்புறையின் பாதுகாப்புப் பக்கத்தில் இன்னொரு பூட்டும் இருக்கின்றன. வலையமைப்பின் வழியே வருகிறவருக்கு இரண்டில் எது அதிகக் கண்டிப்போ அதுவே செல்லும். முதல் பூட்டில் எழுதும் அதிகாரத்தைக் கொடுத்துவிட்டு இரண்டாவதை மறந்திருந்தேன். அதையும் திருத்திய பின், மாடியில் என் மடிக்கணினியில் ஊர் என்ற டிரைவ் ஒன்று முளைத்தது. ஆறாம் அத்தியாயம் அதில் இருந்தது. என் கணினியில் இருந்த பிரதியை அழித்தேன். பென் டிரைவில் இருந்ததையும் அழித்தேன். அழிக்கும்போது கை கொஞ்சம் நடுங்கியது என்பது உண்மை.

மாடியில் வைஃபை மட்டும் போதாது என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. நடுவே ஒரு கான்கிரீட் தளம், கம்பிகள் நிறைந்தது. 5 கிகாஹெர்ட்ஸ் அலை அதைத் தாண்டும்போதே தளர்ந்துபோனது, 2.4இல் விநாடிக்கு மூன்று, நான்கு எம்.பி.தான் கிடைத்தது. ஒரு பத்திரத்தின் படத்தைத் திறக்க அரை நிமிடம் காத்திருக்கலாம். ஆனால் வலையமைப்பில் இருக்கும் வேர்டு கோப்பைச் சேமிக்கும் கணத்தில் இணைப்பு அறுந்தால் அது காத்திருக்கும் விஷயமில்லை. ஏ.சி. குழாய்க்காகப் போட்டு, ஏ.சி. வாங்காததால் துணியடைத்து வைத்திருந்த துளையின் வழியே இரண்டாவது கேபிளை மாடிக்கு ஏற்றினேன். எட்டுப் புள்ளிகளையும் இரண்டு தடவை எண்ணிய பிறகுதான் செருகினேன்.

இத்தனைக்கும் பிறகு, ஒரே கோப்பு என்பதன் உண்மையான பொருள் ஒரு சனிக்கிழமை மாலையில்தான் புரிந்தது. நான் காய்கறி வாங்கச் சந்தையில் நின்றுகொண்டிருந்தபோது அப்பாவிடமிருந்து அழைப்பு வந்தது. "ஏய்யா, ஆறாம் அத்தியாயத்தத் திறந்தா, நீ திருத்திக்கிட்டு இருக்கேன்னு சொல்லுது. நீதான் வீட்டுல இல்லியே?" நான் மாடியில் அந்தக் கோப்பைத் திறந்து வைத்தபடியே கிளம்பிவந்திருந்தேன். வேர்டு ஒரு கோப்பைத் திறக்கும்போது, அலைக்குறியும் டாலர் குறியும் முன்னால் போட்ட மறைவான சிறு கோப்பொன்றை அதே கோப்புறையில் வைக்கிறது; திறந்திருப்பவர் யார் என்ற பெயர் அதற்குள் இருக்கும். இரண்டாவதாக வருகிறவரிடம், இன்னார் இதைத் திருத்திக்கொண்டிருக்கிறார், நீங்கள் படிக்க மட்டும் செய்யலாம் என்று அது சொல்கிறது. அப்பாவுக்கு எரிச்சல், எனக்கோ சந்தைக் கூச்சலுக்கு நடுவில் பெரிய நிம்மதி. பென் டிரைவ் காலத்தில் இதே சனிக்கிழமை வந்திருந்தால், அவர் கீழே ஒன்றை எழுத, நான் மேலே ஒன்றைத் திருத்தி வைத்திருக்க, இரண்டில் ஒன்று திங்கட்கிழமை செத்திருக்கும். இப்போது கணினியே படிக்கட்டில் நின்று தடுக்கிறது. கத்தரிக்காயை எடைபோடும் இடைவெளியில், அம்மாவை மாடிக்குப் போய்க் கோப்பை மூடச் சொல்லும்படி கேட்டுக்கொண்டேன்.

கோப்பைப் பகிர்வதால் மற்றவையெல்லாம் சேர்ந்து பகிரப்படுவதில்லை என்பதையும் சொல்லவேண்டும். 2000களின் தொடக்கத்தில் அப்பா தட்டச்சு செய்துவைத்த குறிப்புகள், எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் இருந்தன. அவர் கணினியில் அழகான தமிழாகத் தெரிந்த பக்கங்கள், என் கணினியில் ஆங்கில எழுத்துகளும் காற்புள்ளிகளும் கலந்த பித்தன் பேச்சாகத் தெரிந்தன. கோப்பு ஒன்றேதான், அதைத் தமிழாகக் காட்டும் எழுத்துரு கீழ்க் கணினியில் மட்டும் இருந்தது. எழுத்துருவை மாடியிலும் நிறுவி, பிறகு ஒவ்வொன்றாக யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. எல்லாவற்றையும் ஓரிடத்தில் வைத்தால் அந்த ஓரிடம் போனால் எல்லாம் போகும் என்பதால், பரணில் கிடந்த பழைய மடிக்கணினியில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இயங்குதளத்தை நிறுவி, அதைக் காப்புப்பிரதிக்கு வைத்தேன். லினக்ஸை விண்டோஸோடு எஸ்.எம்.பி.யில் பேசவைக்கும் மென்பொருளின் பெயர் சாம்பா. கான்பெராவில் ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 1990களின் தொடக்கத்தில் எழுதத் தொடங்கியது. எஸ், எம், பி என்ற எழுத்துகள் அந்த வரிசையிலேயே வரும் சொற்களை அகராதிக் கோப்பில் தேடியபோது கிடைத்த பெயராம் அது. எல்லாம் ஒழுங்காக நகலாகிக்கொண்டிருக்க, சில கோப்புகள் மட்டும் பெயர் நீளமென்று சொல்லி நின்றன. அப்பா கோப்புக்குப் பெயர் வைப்பதில்லை. முழு வாக்கியம் எழுதுகிறார். விண்டோஸ் 255 குறிகள்வரை எண்ணுகிறது. லினக்ஸோ 255 பைட்டுகள்வரை. ஆங்கில எழுத்து ஒரு பைட். தமிழில் ஒவ்வொரு குறியும் மூன்று பைட். மெய்யின் புள்ளியும் உயிர்மெய்யின் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகள். கீழ்க்குளம் என்ற ஆறெழுத்துச் சொல்லில் 11 குறிகள், 33 பைட்டுகள். ஆக, ஏறக்குறைய 45 எழுத்துகளிலேயே தமிழுக்கு எல்லை வந்துவிடுகிறது. அப்பாவிடம் பெயரைச் சுருக்கச் சொன்னேன். அந்தக் கணினியை மாற்றச் சொன்னார்.

காப்புப்பிரதிக் கணினியை வாரத்துக்கு ஒருமுறை, ஞாயிறு காலையில் மட்டும் இயக்கி, நகலெடுத்து, மீண்டும் கம்பியைப் பிடுங்கிவிடுகிறேன். எப்போதும் இணைந்தே இருக்கும் நகல், தீநிரல் வந்தால் மூலத்தோடு சேர்ந்தே பூட்டப்படும். தவறி அழித்தாலும், கண்ணாடிபோல் அப்படியே பிரதிபலிக்கும் நகலில் அதுவும் அழிந்துவிடும். அதனால் மாதத்துக்கு ஒன்றாகத் தேதியிட்ட கோப்புறைகளை வைக்கிறேன். தேதியைக் கணினியிடம் கேட்காமல் என் கையாலேயே தட்டுகிறேன்.

குத்தகைக் கணக்கை அப்பா தம் குறிப்பேட்டைப் பார்த்து மீண்டும் எழுதிவிட்டார். முதலில் எழுதியது இன்னும் நன்றாக இருந்தது என்று வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்கிறார். ஊர் கோப்புறையில் இப்போது மாடிக்கு என்ற பெயரில் ஒரு சிறிய உரைக்கோப்பு இருக்கிறது. கூப்பிடுவதற்குப் பதிலாக அவர் அதில் எழுதிவைக்கிறார். காலையில் காப்பியோடு உட்கார்ந்ததும் நான் முதலில் திறப்பது அதைத்தான். இன்று காலை அதில் புதிதாக ஒரு வரி இருந்தது: "ஆறாம் அத்தியாயம், நான்காம் பக்கம். மடை வேறு, மதகு வேறு. நீ மாற்றியதை நான் மறுபடி மாற்றியிருக்கிறேன். தொடாதே."